மலட்டு மாத்திரைக் கதை எப்படி வாக்காக மாறியது? இலங்கை, பயம், பேஸ்புக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012 தொடங்கி ஒரு பத்து வருட காலம், முஸ்லிம்களைக் காட்டிச் சிங்கள மக்களைப் பயமுறுத்தும் அரசியல் ஒன்று இலங்கையில் வளர்ந்தது. கடைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள், அந்த அலையில் ஏறி ஒரு ஜனாதிபதியும் வந்தார், போனார். எல்லாம் பேஸ்புக்கால் வந்த வினை என்கிறார்கள் சிலர். இனவாதம் பேஸ்புக்குக்கு முன்பே இருந்தது, அதைச் சும்மா குற்றம் சொல்லாதீர்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

இது எங்கே தொடங்கியது?

பழைய கணக்கென்றால் 1915 சிங்கள-முஸ்லிம் கலவரம் வரை போகலாம், அவ்வளவு தூரம் வேண்டாம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. முப்பது வருடமாக ஒரு எதிரியைக் காட்டியே அரசியல் செய்து பழகிய நாட்டில் அந்த எதிரியின் இடம் திடீரென்று காலியானது. 2012இல் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு வந்தது. அதன் முகம் கலகொட அத்தே ஞானசார தேரர். 2013 பெப்ரவரியில் மஹரகமவில் பெரிய கூட்டம் போட்டு ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளம்பினார்கள். பிஸ்கட் பக்கெட்டில் இருக்கும் ஒரு சின்ன முத்திரை, சிங்களவனின் பணத்தை முஸ்லிம்கள் உறிஞ்சும் சதி என்று ஆனது.

அடுத்த மாதமே முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா இறங்கி வந்து, உள்நாட்டுப் பொருட்களில் அந்த முத்திரை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பிரச்சினை தீர்ந்ததா? அதே மார்ச் மாதம் பெப்பிலியானவில் முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையைக் கும்பல் தாக்கியது. ஹலால் போனதும் பர்தா வந்தது, பர்தாவுக்குப் பிறகு மாடறுப்பு, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பிள்ளைப்பேறு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. கோரிக்கையை நிறைவேற்றினால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியிருந்தது எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு பிரச்சினை.

2014 ஜூனில் அளுத்கம, பேருவளை, தர்கா நகர். ஞானசார பேசிய கூட்டத்தைத் தொடர்ந்து வெடித்த வன்முறை. அந்த வருடம் செப்டெம்பரில் முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன மியன்மாரின் விராது பிக்குவைக் கொழும்புக்கு அழைத்து மேடை ஏற்றினார்கள். அங்கே ரோஹிங்கியாக்கள், இங்கே சோனகர் (இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர்), கதை ஒன்றுதான்.

வெறும் இனவாதம்தானே? ஏன் ஜனரஞ்சக அரசியல் என்று பெரிய பெயர்?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பழைய இனவாதம் கட்சியின் வாயிலிருந்து வந்தது, 1956 சிங்களம் மட்டும் சட்டம் மாதிரி. இது எல்லாக் கட்சிகளையும் திட்டிக்கொண்டு வந்தது. பச்சையும் (ஐக்கிய தேசியக் கட்சி) நீலமும் (சுதந்திரக் கட்சி) முஸ்லிம் வாக்குக்காக நாட்டை விற்றுவிட்டார்கள், அரசியல்வாதி ஒருவனையும் நம்பாதே, மிச்சம் இருப்பது பிக்குகளும் உண்மையான மக்களும் மட்டும்தான் என்றார்கள். அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவன் கடைசியில் என்ன எதிர்பார்ப்பான்? அரசியல்வாதி இல்லாத ஒரு பலசாலியைத்தான். கோத்தபாய ராஜபக்ச 2019இல் கேட்டதுதான் அவருடைய முதல் தேர்தல். நாட்டிலேயே பெரிய அரசியல் குடும்பத்தின் ஆளை அரசியலுக்கு வெளியே இருந்து வந்தவராக விற்க முடிந்தது என்றால், அந்த வேலை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருக்கும் என்று பாருங்கள்.

மலட்டு மாத்திரை என்ற கதை உண்மையில் என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு கதையை விளங்கிக்கொண்டால் மிச்சம் தானாகவே விளங்கும்.

1981 குடிசனக் கணக்கில் சோனகர் 7 சதவீதம், 2012இல் 9.3 சதவீதம். 31 வருடத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலான கூடுதல். அதே 2012 கணக்கில் சிங்களவர் 74.9 சதவீதம். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் எண்ணைச் சொல்லாமல் “இன்னும் கொஞ்சக் காலத்தில் நாங்கள் சிறுபான்மை” என்று மட்டும் சொன்னால் வயிற்றைக் கலக்கும். அதோடு ஒரு உபகதை: அவர்கள் கூடுவது மட்டுமில்லை, எங்களைக் குறைக்கவும் செய்கிறார்கள். முஸ்லிம் கடை உள்ளாடையில் ஏதோ தடவியிருக்கிறது, இனிப்பில் ஏதோ கலந்திருக்கிறது, சாப்பாட்டில் மாத்திரை போடுகிறார்கள். இதெல்லாம் வருடக்கணக்காகப் படமாகவும் மீமாகவும் சுற்றிக்கொண்டிருந்தது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் இறைச்சிக் கறியில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடப்பதைப் பார்க்கிறார். சத்தம், ஆட்கள் கூடுகிறார்கள். காசாளராக இருந்த தமிழ் பேசும் ஆளைச் சுற்றி நின்று, மாத்திரை போட்டாயா, போட்டாயா என்று சிங்களத்தில் உலுக்குகிறார்கள். அவருக்குச் சிங்களம் அரைகுறை, சுற்றிலும் கும்பல், முகத்துக்கு நேரே ஒரு போன். ஆமாம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிடுகிறார். அந்தச் சில நொடிகள்தான் நாடு முழுக்க ஓடிய “ஒப்புதல் வாக்குமூலம்”. அன்றிரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆனால் அறிக்கை வருவதற்குள் கண்டி எரிந்துகொண்டிருந்தது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சம்பவம் நடந்து கதை வரவில்லை, கதை தயாராக உட்கார்ந்திருந்தது, சம்பவம் பிறகுதான் வந்தது. அந்த மாவுக் கட்டி 2010இல் கறியில் கிடந்திருந்தால், கடைக்காரனுக்கு நாலு ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

எழுத்தறிவு இவ்வளவு உள்ள நாட்டில் எப்படி இதை நம்பினார்கள்?

எழுத்தறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2019இல் இதே கதை ஆஸ்பத்திரிக்குள் போனது. அந்த வருடம் மே 23ஆம் திகதி திவயின பத்திரிகை, ஒரு முஸ்லிம் வைத்தியர் 4000 சிங்களத் தாய்மாருக்குச் சிசேரியன் செய்யும்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று முன்பக்கத்தில் போட்டது. மறுநாள் குருணாகல் ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவர் கைது. சத்திரசிகிச்சை அறையில் தாதிமார், மயக்க மருந்து வைத்தியர், உதவியாளர் என்று ஒரு கூட்டமே நிற்கும், யாருக்கும் தெரியாமல் 4000 பேருக்கு எப்படி என்று கேட்க வேண்டியவர்கள் படித்தவர்கள்தான். அவர்களில் பலர்தான் அதைப் பகிர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள், அவர்களில் பிள்ளை தங்காத வேதனையில் இருந்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது, ஜூலை மாதம் வைத்தியர் பிணையில் வந்தார். அந்தச் செய்தி முதல் செய்தி போன தூரத்தில் கால்வாசிகூடப் போயிருக்காது.

கவனியுங்கள், இந்தத் தடவை தொடங்கியது பேஸ்புக்கில் இல்லை, அச்சுப் பத்திரிகையில். பிறகு தொலைக்காட்சி, பிறகு பேஸ்புக், அங்கே வந்த கருத்துகளை “மக்கள் கொதிப்பு” என்று காட்டி மறுபடியும் தொலைக்காட்சி. இணையம் தனியாக இயங்குகிறது என்று நினைப்பது பிழை.

கண்டி மாவட்டத்துத் திகனயில் நடந்தது என்ன? அதில் இணையத்தின் பங்கு எவ்வளவு?

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வாகனத் தகராறில் ஒரு சிங்கள லொறி சாரதியை நாலு முஸ்லிம் இளைஞர்கள் அடித்தார்கள். அவர் மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அது ஒரு கொலை, செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அம்பாறை வீடியோ சூடாக ஓடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், வீதிச் சண்டை ஒரு இனத்தின் மீதான தாக்குதலாக மாறியது. மஹசோன் பலகாய என்ற குழுவின் தலைவர் அமித் வீரசிங்க திகன நகரத்தில் நடந்துகொண்டே, இந்த ஊர் முழுக்க முஸ்லிம்களின் கையில் போய்விட்டது, நாங்கள் எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும் என்ற தோரணையில் பேசிய வீடியோ பரவியது. மார்ச் 4 தொடங்கித் திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு 27 வயது இளைஞர் ஒருவர் இறந்தார்.

மார்ச் 6 அவசரகால நிலை, மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் தடை. எங்கே கூடுவது, எந்தக் கடை யாருடையது என்ற தகவலெல்லாம் குரூப்களில் போய்க்கொண்டிருந்ததால் தடை செய்தோம் என்றது அரசாங்கம். ஒரு விசயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: கல்லை எறிந்தது போன் இல்லை. பொலிசார் கை கட்டி நின்றார்கள், சிலர் சேர்ந்தே அடித்தார்கள், உள்ளூர் அரசியல்வாதிகளும் இருந்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் அப்போதே சொன்னார்கள், சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள்.

அப்படியென்றால் பேஸ்புக்கை ஏன் திட்டுகிறோம்?

திட்டுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அவர்களுக்குத் தெரியும். கொழும்பு ஆய்வு நிறுவனமான மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே சிங்கள பேஸ்புக் குழுக்களை ஆராய்ந்து, வெறுப்புப் பேச்சு எப்படி ஓடுகிறது என்று அறிக்கை வெளியிட்டது. நாலு வருடம் கழித்துத் திகன எரிந்தபோதும் சிங்களம் தெரிந்த மேற்பார்வையாளர்கள் அந்த நிறுவனத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பச்சையாகக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகளை ரிப்போர்ட் பண்ணியவர்களுக்கு “எங்கள் விதிகளை மீறவில்லை” என்று பதில் வந்தது. விளம்பரம் விற்க மொழி தேவைப்படவில்லை, காவல் காக்கும்போதுதான் மொழி தெரியாமல் போனது.

இரண்டாவது, எதை மேலே தூக்குவது என்று அவர்கள் போட்ட கணக்கு. 2017இலிருந்து கோப முகக் குறிக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்திருந்தார்கள். 2021இல் உள்ளே இருந்து வெளிவந்த ஆவணங்களில்தான் இது தெரிந்தது. ஆத்திரத்தைக் கிளப்பும் பதிவு பத்துப் பேரிடம் நில்லாமல் பத்தாயிரம் பேரிடம் போனதன் ஒரு காரணம் இது. பொதுபல சேனா மாதிரி ஆட்கள் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு வேலை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எது ஓடுகிறது என்று பார்த்து அதையே திரும்பச் செய்யத் தெரிந்தாலே போதும், அது சந்தையில் தேங்காய் விற்கிறவனுக்கும் தெரியும்.

மூன்றாவதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 2017 ஒக்டோபரில் பேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியது: இலங்கை, கம்போடியா, பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, ஸ்லோவாக்கியா. செய்தி நிறுவனங்கள் உட்பட எல்லாப் பக்கங்களின் பதிவுகளையும் காசு கட்டினால் தவிர வழக்கமான ஓட்டத்திலிருந்து எடுத்து ஒரு தனி மூலையில் போட்டார்கள், நண்பர்கள் பகிர்வது மட்டும் முன்னால் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், செய்திப் பக்கம் பின்னால் போனது, சித்தப்பா பகிர்ந்த வீடியோ முன்னால் வந்தது. அந்தப் பரிசோதனையை நிறுத்துவதாக 2018 மார்ச் 1ஆம் திகதி அறிவித்தார்கள். அம்பாறை பெப்ரவரி 26. இதனால்தான் அது நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் எங்களிடம் கேட்காமல் எங்களை வைத்து நடத்திய பரிசோதனை எந்த வாரத்தில் ஓடியது என்று தெரிந்திருப்பது நல்லது.

2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து.

சித்தப்பா, மாமி மாதிரி சாதாரண ஆட்கள்தானே பகிர்கிறார்கள்? இதில் திட்டமிடல் எங்கே?

பக்கங்களின் வாழ்க்கை வரலாற்றைப் பாருங்கள். முதலில் கிரிக்கெட், நடிகை கிசுகிசு, பகிடி என்று ஒரு பக்கம் ஆரம்பிக்கும். லைக் சேரும் வரைக்கும் அரசியலே இருக்காது. பிறகு இராணுவ வீரர்களின் படங்கள், பழைய விகாரைகளின் படங்கள், “நீ உண்மையான சிங்களவன் என்றால் பகிர்” வகை. அதற்குப் பிறகுதான் மெதுவாக மற்றது. விழுந்த லைக் எல்லாம் கிரிக்கெட்டுக்கு விழுந்தது, பெறுகிற செய்தி வேறு. எழுத்தை நேரே போடாமல் படத்துக்குள் எழுதிப் போடுவார்கள், தேடலிலும் வராது, தானியங்கி வடிகட்டியிலும் அகப்படாது. ஒரு பக்கத்தை மூடினால் அடுத்த நாள் ஒரு எழுத்து மாறிய பெயரில் இன்னொன்று.

இதற்குக் கீழேதான் எங்கள் வீட்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் திட்டத்தில் இல்லை. பிள்ளைகள் கவனமாக இருக்கட்டும் என்று உண்மையான அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். இந்த அரசியல் ஓடுவது அந்த அக்கறையில்தான், அது தெரியாதவரை அவர்களைத் திட்டிப் பலனில்லை.

அரசியல் தலைவர்கள் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லையே?

சொல்ல வேண்டிய தேவை இல்லையே. இந்த ஏற்பாட்டில் விதைக்கிறவர் ஒருவர், அறுக்கிறவர் வேறொருவர். 2013 மார்ச்சில் காலியில் பொதுபல சேனாவின் பௌத்த தலைமைத்துவ நிலையத் திறப்பு விழாவுக்குப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபாய போனார். அந்த அமைப்புக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றுதான் பிறகு சொல்லிவந்தார். 2019 மே மாதம், நீதிமன்ற அவமதிப்பில் உள்ளே இருந்த ஞானசாரவுக்கு மன்னிப்புக் கொடுத்தவர் மைத்திரிபால சிறிசேன, ராஜபக்சக்களைத் தோற்கடித்து வந்தவர். ஆக ஒரு கட்சியின் குற்றம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் வெளிப்படையாகத் தெரிந்த தருணம், 2019 நவம்பரில் கோத்தபாய வென்றதும் ஞானசார தேரர், பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு பொதுபல சேனாவைக் கலைத்துவிடுவோம் என்று அறிவித்தது. நாடு கேட்ட தலைவர் வந்துவிட்டார், இனி எங்கள் வேலை முடிந்தது என்ற பொருளில். 2021 ஒக்டோபரில் அவரையே “ஒரே நாடு ஒரே சட்டம்” செயலணிக்குத் தலைவராகப் போட்டார் கோத்தபாய. தொடர்பில்லாதவருக்குக் கொடுக்கும் பதவிதானா அது?

ஈஸ்டர் தாக்குதல் உண்மையில் நடந்ததே! பயப்படுவது எப்படிப் பிழை?

பயப்படுவது பிழையே இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நீர்கொழும்பில், மட்டக்களப்பில், கொச்சிக்கடையில் பூசைக்குப் போன தமிழ், சிங்களக் கத்தோலிக்கர்களும் மற்றக் கிறிஸ்தவர்களும். அந்தப் பயத்தைப் போலி என்று சொல்பவன் மனுசனே இல்லை.

ஆனால் பயம் எந்தப் பக்கம் திருப்பப்பட்டது என்று பாருங்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் தமிழில் பேசிய வெறுப்பு வீடியோக்கள் அதே பேஸ்புக்கிலும் யூடியூபிலும்தான் ஓடின, அதே வழியில்தான் அவனும் ஆள் சேர்த்தான். அவனைப் பற்றி முதலில் முறைப்பாடு கொடுத்ததே காத்தான்குடி முஸ்லிம்கள். இந்தியாவிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கையும் வந்திருந்தது. அரசு தவறவிட்டது. அரசைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, மூன்று வாரத்தில் அடுத்த தெருக் கடைக்காரனின் மேல் விழுந்தது.

மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி யாருடைய கருத்துக்கோ பதிலாக, ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்று பேஸ்புக்கில் எழுதினார். அடுத்த குண்டுக்கான எச்சரிக்கை என்று அதற்கு அர்த்தம் கொடுத்தார்கள். அவரது கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கல். அடுத்த நாள் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று வடமேல் மாகாணமும் கம்பஹாவும் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒருவர் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மே மாத இறுதியில் அத்துரலியே ரத்தன தேரர் தலதா மாளிகைக்கு முன்னால் உண்ணாவிரதம், ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகல். மாவுக் கட்டியில் பார்த்த அதே ஒழுங்குதான்.

கோத்தபாய பயத்தால் மட்டும்தான் வென்றாரா?

இல்லை. அவருக்கு முன்பு இருந்த, 2015இல் வந்த மைத்திரிபால-ரணில் நல்லாட்சி அரசாங்கம் தன்னைத்தானே கழுத்தை நெரித்துக்கொண்டது. மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல், 2018 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் என்ற கூத்து, ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளாத நிலை. இதை எல்லாம் விட்டுவிட்டு பேஸ்புக் ஒரு ஜனாதிபதியை உண்டாக்கியது என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஆனாலும் குண்டு வெடித்து ஒரு வாரத்துக்குள் அவர் தான் போட்டியிடப் போவதை உறுதிப்படுத்தினார், பிரசாரம் முழுக்கத் தேசியப் பாதுகாப்பு என்றுதான் போனது, 52.25 சதவீதத்தில் வென்றார், அனுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கால் மட்டுமே வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்தது என்றார். வடக்கு கிழக்கு வரைபடத்தில் வேறு நிறத்தில் இருந்தது. அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் அவரது கட்சியான மொட்டுக்கு 145 இடங்கள்.

வென்ற பிறகு பயத்தைக் கைவிட்டார்களா?

எங்கே! கொரோனா வந்தது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும், நிலத்தடி நீர் கெடும் என்று கூறி 2020 ஏப்ரலில் எல்லா உடல்களையும் எரிப்பது கட்டாயம் என்றார்கள். டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை எரித்தார்கள். பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள், சிங்களவர்களும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் மனம் மாறி, ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புகளுக்கு இந்த நாட்டில் குறைவில்லை.

2022இல் அதே சிங்கள மக்கள் எப்படித் திரும்பினார்கள்?

பசி, இருட்டு, பெற்றோல் வரிசை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்து விவசாயியைக் கெடுத்தார்கள், 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. மார்ச் 31 இரவு மிரிஹானவில் கோத்தபாயவின் வீட்டுக்கு முன்னால் ஆட்கள் கூடியபோது, அது தீவிரவாதக் குழு ஒன்றின் வேலை, அரபு வசந்தம் என்று கத்திக்கொண்டு வந்தார்கள் என்று ஜனாதிபதி ஊடகப் பிரிவு அறிக்கை விட்டது. பழைய மருந்து. இந்தத் தடவை எடுபடவில்லை, ஏனென்றால் அடுப்பில் காஸ் இல்லை என்பது கேட்பவனுக்கு நேரில் தெரிந்த உண்மை, அதை மறைக்கும் அளவு பெரிய கதை கையில் இல்லை. ஏப்ரல் 3 சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள், ஒருநாள்கூடத் தாங்கவில்லை, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே இந்தத் தடையால் பயனில்லை, எல்லோரும் விபிஎன்னில் வருகிறார்கள் என்று பதிவு போட்டார். காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் நோன்பு திறந்தார்கள், மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் கொடுத்தார்கள். ஜூலை 13 கோத்தபாய நாட்டை விட்டே போனார்.

இதைப் பார்த்துவிட்டு, ஆக மக்கள் விழித்துவிட்டார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தேவை போனதால் கதை தூங்குகிறது, அதை யாரும் பொய் என்று உட்கார்ந்து மறுத்துத் தோற்கடிக்கவில்லை.

நாங்கள் தமிழர், எங்களுக்கு இதில் என்ன?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் வருகிறது. 2018இல் திருகோணமலையில் ஒரு இந்து மகளிர் கல்லூரியில் ஆசிரியைகள் அபாயா அணிவது பிரச்சினையானபோது தமிழ்ப் பக்கங்களில் எழுதப்பட்டதை வாசித்தீர்களா? ஈஸ்டருக்குப் பிறகு கிழக்கில் முஸ்லிம் கடையில் வாங்காதே என்று சுற்றிய தமிழ்ப் பதிவுகள்? லவ் ஜிகாத் என்ற இந்தியச் சரக்கு இப்போது யாழ்ப்பாணத் தமிழிலும் கிடைக்கிறது. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்தக் கேட்டு நடந்த உண்ணாவிரதத்துக்கு ஞானசார தேரர் வந்தபோது கை தட்டிய தமிழர்கள் இருந்தார்கள். கோரிக்கை நியாயமானதுதான். வந்தவர் யார் என்பதும் தெரிந்ததுதான். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதைப் பற்றிப் பேசினால் இன்றும் “இப்போது ஏன் அதை” என்பவர்கள், 1983ஐப் பற்றிச் சிங்களவர் அதையே சொல்லும்போது மட்டும் கொதிக்கிறோம்.

சட்டம் போட்டு நிறுத்த முடியாதா?

சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் வெறுப்பைத் தூண்டுவது குற்றம். அதில் 2019இல் உள்ளே போனவர்களில் ஒருவர் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர். தமிழில் கவிதை எழுதிய மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் இளைஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். 2016இல் இஸ்லாத்தை இழிவாகப் பேசியதற்கு ஞானசாரவுக்கு ஒன்பது மாதத் தண்டனை கிடைத்தது 2025 ஜனவரியில். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, எது பொய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு. பயத்தை அறுவடை செய்தவர்களின் கையிலேயே அரிவாளையும் கொடுப்பதா என்பதுதான் என் பிரச்சினை. தடை செய்வதும் அப்படித்தான், வதந்தி விபிஎன்னில் போகும், மறுப்பு வீட்டில் நிற்கும்.

குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது?

குரூப்பில் எல்லோர் முன்னாலும் மூக்கை உடைக்காதீர்கள். மாமாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், பிறகு உண்மை எடுபடாது. தனியாக அனுப்புங்கள்: “மாமா, நீங்க அனுப்பின வீடியோ 2018இல வந்தது. அது மாவுக் கட்டி எண்டு அரச பகுப்பாய்வாளர் அப்பவே சொல்லிட்டார். ஆரோ திரும்ப விட்டிருக்கினம்.” அவ்வளவு போதும், உபதேசம் வேண்டாம். நேரம் இருந்தால் அவரே குரூப்பில் அழிக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது: திகதி இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, யார் எடுத்தது. மூன்றும் இல்லாமல் “அவசரம், எல்லோருக்கும் அனுப்புங்கள்” மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பழைய சரக்கு. பேஸ்புக் பக்கம் என்றால் அதன் விபரப் பகுதியில் பக்கத்தின் பழைய பெயர்களும் அதை நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் இருக்கும். நேற்று வரை கிரிக்கெட் பெயரில் இருந்த பக்கம் இன்று இனத்தைக் காக்கக் கிளம்பியிருப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ரிப்போர்ட் பண்ணினால் பலன் உண்டா?

2018ஐ விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் பண்ணும் முன் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பதிவின் இணைப்பையும் பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் பதிவு அழிந்தால் பொலிசுக்குக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஊரையோ கடையையோ ஆளையோ குறிப்பிட்டு அடிக்கச் சொல்லும் பதிவென்றால் பேஸ்புக்கின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பொலிசில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள், எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் கடைக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள்.